ஒரே மீன், இரண்டு கணக்கு: ஸ்டீல்ஹெட் விஷயத்தில் எங்கே சறுக்குகிறோம்?

ஓக்லாந்து மலையில் ரெட்வுட் பார்க் என்று ஒரு காடு இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அதற்குள் ஓடுகிற ஓடைக்கு ரெட்வுட் க்ரீக் என்று பெயர். கோடையில் பல இடங்களில் ஒரே தாண்டில் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். ஆனால் மீனியல் வரலாற்றில் இதற்கு ஒரு இடம் உண்டு. 1855-ல் வில்லியம் கிப்பன்ஸ் என்பவர், இன்று உலகமே 'ரெயின்போ ட்ரவுட்' என்று அழைக்கிற மீனை இந்த சான் லியாண்ட்ரோ ஓடைப் படுகையின் மீன்களை வைத்துத்தான் விவரித்துப் பெயர் சூட்டினார். பார்க்கில் அதற்கு ஒரு நினைவுப் பலகையும் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, இது கடலுக்குப் போற மீனா, போகாத மீனா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கீழே அணை இருக்கும்மா. அதனால கடலுக்குப் போக முடியாது. போகாம இங்கயே இருந்தா ரெயின்போ. கடலுக்குப் போய்ட்டு வந்தா அதுக்கே ஸ்டீல்ஹெட்னு பேரு."

"அப்போ அணையை எடுத்துட்டா?"

பதில் சொல்ல முடியவில்லை. நான் மீனியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. மூன்று மாதம் வார இறுதிகளில் ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்ததில், அன்றைக்கு நான் சொன்ன பதிலே தப்பான பதில் என்று புரிந்தது. என் தப்பு மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே தப்பை டிவி ஆவணப்படங்களும் செய்கின்றன, மரபணுச் செய்திகளும் செய்கின்றன, அமெரிக்கச் சட்டமும் செய்கிறது.

முதலில் வாழ்க்கைச் சுழற்சி, சுருக்கமாக

பெண் மீன் வாலால் சரளைக்கல்லைத் தோண்டிக் குழி பறித்து முட்டையிடும். ஆண் மீன் அதன்மேல் விந்தைப் பாய்ச்சும். பிறகு பெண் மீன் சரளையைத் தள்ளி மூடிவிடும். முட்டைக்குத் தேவையான ஆக்சிஜன், கல் இடுக்கு வழியாக ஊறிப் போகிற தண்ணீரில்தான் வரவேண்டும். மேலே மலையில் ரோடு போட்டோ மரம் வெட்டியோ வண்டல் இறங்கி இடுக்குகள் அடைந்தால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துவிடும். 10 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் பொரிக்க சுமார் ஒரு மாதம் ஆகும். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் தாமதம்.

பொரித்த குஞ்சு ஓடையில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை வளரும். பிறகு ஒரு வசந்தத்தில் சில மீன்களுக்கு உடம்பு மாற ஆரம்பிக்கும். பக்கவாட்டில் இருந்த கரும்பட்டைகள் மறைந்து வெள்ளிபோல் மினுங்கும். இதுவரை தண்ணீரிலிருந்து உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த செவுள், இனி உப்பை வெளியே தள்ளத் தயாராகும். இந்த நிலைக்கு ஸ்மோல்ட் என்று பெயர். கடலுக்குப் போய் ஒன்றிரண்டு வருஷமோ மூன்று வருஷமோ தின்று பெருத்துத் திரும்பும். பசிபிக் சால்மன்கள் போல முட்டையிட்டதும் கட்டாயம் சாகாது. சில மீன்கள் மறுபடி கடலுக்குப் போய் மறுபடி வரும்.

இதே நேரத்தில், அதே குழியில் பொரித்த கூடப்பிறந்த மீன் ஒன்று எங்கேயும் போகாமல், ஓடையிலேயே சின்ன உருவத்தில் முதிர்ந்து இனப்பெருக்கம் செய்துகொண்டிருக்கலாம். முதலாவது ஸ்டீல்ஹெட், இரண்டாவது ரெயின்போ.

பெயர் வைத்தவர்களும் இதில் குழம்பியிருக்கிறார்கள். 1792-ல் வால்பாம் கம்சாட்கா மீனுக்கு மைகிஸ் என்று பெயர் வைத்தார். 1836-ல் ரிச்சர்ட்சன் கொலம்பியா ஆற்று ஸ்டீல்ஹெட்டுக்கு கெய்ர்ட்னேரி என்றார். 1855-ல் கிப்பன்ஸ் வைத்த பெயர் மூன்றாவது. எல்லாம் ஒரே இனம் என்று முடிவாகி 1989-ல்தான் ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்ற பெயர் நிலைத்தது. இன்னொரு வேடிக்கை: கிப்பன்ஸ் கையில் இருந்தவை சின்ன மீன்கள். அப்போது அந்த ஓடைக்கும் விரிகுடாவுக்கும் நடுவில் அணை கிடையாது. ஆக, 'ரெயின்போ' என்று அவர் பெயர் வைத்தது பெரும்பாலும் கடலுக்குக் கிளம்பக் காத்திருந்த ஸ்டீல்ஹெட் குஞ்சுகளுக்குத்தான்!

முதல் தப்பு: வீரக்கதை

ஆவணப்படங்கள் எப்போதும் ஒரே காட்சியைத்தான் காட்டும். அருவியை எதிர்த்துத் துள்ளுகிற பெரிய மீன், பின்னணியில் வயலின். புலம்பெயர்வு என்பது ஏதோ மன உறுதி விஷயம் மாதிரி ஒரு எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. தங்கிவிட்ட மீனை யாரும் படமெடுப்பதில்லை.

உண்மையில் கணக்கு சாப்பாட்டில் ஆரம்பிக்கிறது. கடலில் தின்று திரும்பிய பெண் மீன் பல ஆயிரம் முட்டைகள் இடும். ஓடையிலேயே இருந்த சின்னப் பெண் மீனுக்குச் சில நூறுதான். அதனால் பெண்ணுக்குக் கடல்பயணம் லாபம், உயிரோடு திரும்பினால். ஆணுக்கு அப்படி இல்லை. பெரிய ஜோடி முட்டையிடுகிற நேரம் பார்த்து ஒரு சின்ன ஆண் மீன் சட்டென்று உள்ளே புகுந்து விந்தைப் பாய்ச்சிவிட்டு ஓடிவிட முடியும். அதனால் பல ஆறுகளில் கடலுக்குப் போகிறவற்றில் பெண்களும் தங்குகிறவற்றில் ஆண்களும் அதிகமாக இருக்கின்றன.

உயிரோடு திரும்புமா என்பது கடலில் இறங்கும்போது மீன் எவ்வளவு பெரியது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அந்த அளவைத் தீர்மானிப்பது ஓடை.

சான்டா குரூஸ் பக்கம் ஸ்காட் க்ரீக் என்று ஒரு சின்ன ஓடை இருக்கிறது. கோடையில் தண்ணீர் குறைந்ததும் அலைகள் மணலைக் குவித்து அதன் வாயை அடைத்துவிடும். உள்ளே கழிமுகம் ஒரு குளம் மாதிரி தேங்கும். மேலே ஓடையில் சாப்பாடு குறைந்து மீன்கள் வளராமல் கிடக்கிற அதே மாதங்களில், இந்தக் குளத்துக்கு இறங்கிய குஞ்சுகள் நன்றாகத் தின்று கொழுக்கும். குளிர்கால மழையில் மணல்மேடு உடைந்ததும் கடலுக்குப் போகும். 2008-ல் வெளியான ஆய்வின்படி, கழிமுகத்தில் வளர்ந்த குஞ்சுகள் அந்தந்த வருஷக் குஞ்சுகளில் 8 முதல் 48 சதவீதம்தான். ஆனால் கடலிலிருந்து திரும்பி வந்த பெரிய மீன்களில் 85 சதவீதம் அவைதான்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். திரும்பி வந்த மீனின் 'வீரம்' பெரும்பாலும் கோடையில் ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத பச்சைத் தண்ணீரில் தயாராகியிருக்கிறது. அருவியை மட்டும் பாதுகாத்துவிட்டுக் கழிமுகத்தைத் தூர்த்தால், துள்ளுவதற்கு மீன் இருக்காது.

வளர்ச்சி என்றாலும் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. சாக்ரமென்டோ பக்கம் அமெரிக்கன் ஆற்றில் கோடையில் தண்ணீரும் வெதுவெதுப்பு, தீனியும் ஏராளம். குஞ்சுகள் வேகமாக வளர்ந்து பெரும்பாலும் ஒரு வயதிலேயே கிளம்பிவிடுகின்றன. கடலோரச் சின்ன ஓடைகளில் கோடைதான் பஞ்ச காலம். அங்கே இரண்டு, மூன்று வருஷம் ஆகும். வெப்பம் கூடினால் உடம்பு எரிக்கும் சக்தியும் கூடும். தீனி இருந்தால் அதே வெப்பம் வளர்ச்சி, இல்லாவிட்டால் அதே வெப்பம் பட்டினி. இன்னொரு பக்கம், வருஷம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரும் தீனியும் கிடைத்தால், 'எதுக்குப் போகணும், இங்கயே இருக்கலாமே' என்ற கணக்கும் சரியாக வரும். ஷாஸ்டா அணைக்குக் கீழே சாக்ரமென்டோ ஆற்றில் கொழுத்த ரெயின்போக்கள் நிறைய இருப்பது அப்படித்தான். அணை 1945-ல் கட்டி முடித்தது. அது மேலே போகும் வழியை மறித்தது எல்லாருக்கும் தெரியும். கீழே விடுகிற குளிர்ந்த தண்ணீரால் தங்கிவிடுவதை லாபமாக்கியதை நாம் கவனிப்பதில்லை.

நம்ம ஊர் உதாரணம் ஒன்றும் சொல்லலாம். 1900-களின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியில் நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்ததும் இதே ரெயின்போ ட்ரவுட்தான். அது ஏன் கடலுக்குப் போகவில்லை? மலையை விட்டு இறங்கினால் சமவெளி ஆற்றின் சூட்டில் உயிர் பிழைக்காது. தென் அர்ஜென்டினாவின் சான்டா குரூஸ் ஆற்றிலும் இதே மீனைத்தான் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கடல் வரைக்கும் குளிர்ந்த தண்ணீர். அந்த மீன்களில் ஒரு பகுதி தானாகவே கடலுக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்துவிட்டது. நீலகிரி மீன் சோம்பேறியும் இல்லை, படகோனியா மீன் வீரனும் இல்லை.

இரண்டாவது தப்பு: மரபணு ஸ்விட்ச்

சுற்றுச்சூழல்தான் எல்லாம் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. இங்கேதான் என்னை மாதிரி ஆட்கள் வழுக்கி விழுவோம்.

இந்த மீனின் 5-ஆவது குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பிய நிலையில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று கடலுக்குப் போகும் மீன்களில் அதிகம், இன்னொன்று தங்கும் மீன்களில் அதிகம். 2019-ல் வெளியான ஆய்வில் ஒரு அழகான விஷயம் தெரியவந்தது. இரண்டு வடிவத்திலும் ஒவ்வொன்று இருக்கிற மீன், பெண்ணாக இருந்தால் போகிற பக்கம் சாய்கிறது, ஆணாக இருந்தால் தங்குகிற பக்கம் சாய்கிறது. மேலே சொன்ன முட்டைக் கணக்கு அப்படியே மரபணுவிலும் எழுதியிருக்கிறது.

செய்திகளில் இது 'புலம்பெயர்வு மரபணு' என்று வந்தது. ஏதோ ஒரு ஸ்விட்ச்: போட்டால் போகும், அணைத்தால் தங்கும். நானும் ஆபீஸில் ஒருத்தருக்கு இதை இப்படித்தான் விளக்கினேன். "மரபணு கோட், ஓடை இன்புட், நடுவுல ஒரு இஃப்-எல்ஸ்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை. நாம் எழுதும் ப்ரோகிராமில் இன்புட் வந்து கோடை மாற்றி எழுதாது. இங்கே மாற்றுகிறது.

அலாஸ்காவின் பாரனோஃப் தீவில் சாஷின் க்ரீக் இருக்கிறது. 1926-ல் அதன் கீழ்ப்பகுதி மீன்களைப் பிடித்து, மீன் ஏற முடியாத அருவிக்கு மேலே இருந்த ஏரியில் விட்டார்கள். அங்கிருந்து கடலுக்குக் கிளம்புகிற எந்த மீனும் அருவியைத் தாண்டித் திரும்ப முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் 'போகிற' குணம் அந்த ஏரியிலிருந்து வடிகட்டி வெளியேறிக்கொண்டே இருக்கும். சுமார் 70 வருஷம் கழித்து அந்த ஏரி மீன்களின் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் ஒரு பகுதி ஸ்மோல்ட் ஆனது. ஆனாலும் கடலில் பிழைத்துத் திரும்பியவை கீழ்ப்பகுதி மீன்களின் வாரிசுகளைவிடக் குறைவு.

இதில் இரண்டு பாடம். ஒன்று, குணம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. இரண்டு, அழியாது என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. அருவி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'இரண்டும் ஒன்றுதான்' என்ற என் கட்சிக்கு எதிரான சான்றும் இருக்கிறது. மீனின் காதுக்கல்லின் நடுப்புள்ளியில் ஸ்ட்ரான்ஷியம் அளவைப் பார்த்தால், அதன் தாய் கடலுக்குப் போனவளா இல்லையா என்று கண்டுபிடிக்கலாம். 2000-ல் வந்த ஓர் ஆய்வு இரண்டு ஆறுகளை ஒப்பிட்டது. கனடாவின் பாபீன் ஆற்றில் தங்கிய தாய்க்குக் கடல் பிள்ளையும், கடல் தாய்க்குத் தங்கும் பிள்ளையும் பிறந்திருந்தன. ஓரிகனின் டெஷூட்ஸ் ஆற்றில் பார்த்த மீன்களில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஸ்டீல்ஹெட்டுக்கு ஸ்டீல்ஹெட் தாய், ரெயின்போவுக்கு ரெயின்போ தாய். ஆக, 'ஒரே கூட்டமா இரண்டு கூட்டமா' என்ற கேள்விக்கு மீனிடம் பதில் இல்லை. அந்தந்த ஆற்றிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது தப்பு: சட்டத்தின் கணக்கு

இதுவரை சொன்னது படிக்கிறவர்களின் தப்பு. யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. சட்டம் தப்பினால் மீன் சாகும்.

அமெரிக்காவில் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்படி கடலுக்குப் போகும் மீன் ஒரு துறையின் பொறுப்பு, நன்னீரிலேயே இருக்கும் மீன் இன்னொரு துறையின் பொறுப்பு. 2006-ல் பட்டியலைத் திருத்தியபோது கடலுக்குப் போகும் வடிவத்தை மட்டும் தனிக் கூட்டமாக எடுத்துப் பாதுகாத்தார்கள். அதுவும் கடக்க முடியாத தடுப்புகளுக்குக் கீழே இருந்தால்தான். அணைக்கு மேலே இருக்கிற மீன் கணக்கில் வராது. கீழேயே இருந்தாலும் கடலுக்குப் போகாமல் தங்கிவிட்டால் அதுவும் வராது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடையில் விரல் நீளக் குஞ்சு ஒன்று நிற்கிறது. இது பாதுகாக்கப்பட்ட மீனா? அடுத்த வசந்தத்தில் என்ன செய்யும் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். களத்தில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு வேறுபாட்டின் மேல் சட்டம் நிற்கிறது. நடைமுறையில் நிர்வாக வசதிக்கு ஏதோ ஒரு கோடு வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. இரண்டு துறைகள் ஒரே மீனுக்கு அடித்துக்கொண்டால் அதுவும் கேடுதான். டெஷூட்ஸ் மாதிரி ஆறுகளில் அந்தக் கோடு பொருந்தவும் கூடும். ஆனால் எல்லா ஆற்றுக்கும் ஒரே கோடு என்றால், நாம் பாதுகாப்பது ஒரு விளைவை. அந்த விளைவைத் தருகிற கூட்டத்தை அல்ல. ப்ரோகிராம் காட்டுகிற ரிசல்ட்டை மட்டும் பேக்-அப் எடுத்து வைத்துவிட்டு ப்ரோகிராமை அழிப்பது மாதிரி.

இதற்கு மிகப் பெரிய சாட்சி வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆறு. 1913-லும் 1927-லும் கட்டிய இரண்டு அணைகள். மேலே அடைபட்ட மீன்கள் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு வெறும் ரெயின்போவாகவே வாழ்ந்தன. 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளையும் இடித்தார்கள். கொஞ்ச வருஷத்தில், கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்த கோடைகால ஸ்டீல்ஹெட் வரத்து திரும்பியது. அணைக்கு மேலே அடைபட்டிருந்த ரெயின்போக்களின் வம்சம் இந்த மீட்சியில் பங்கெடுத்ததை மரபணு ஆய்வுகள் காட்டின. எந்த மீனை 'இது ஸ்டீல்ஹெட் இல்லை' என்று கணக்கிலிருந்து தள்ளியிருப்போமோ, அதுதான் ஸ்டீல்ஹெட்டைத் திருப்பிக் கொடுத்தது.

கலிஃபோர்னியா மாநிலம் இந்தப் பாடத்தில் பாதியைப் படித்திருக்கிறது. தென் கலிஃபோர்னியாவில் 1994 முதல் 2018 வரை 25 வருஷத்தில் பதிவான கடல் திரும்பிய பெரிய மீன்கள் மொத்தம் 177. வருஷத்துக்கு ஏழு! 2024-ல் மாநிலம் இந்தக் கூட்டத்தை அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்தபோது, தடுப்புகளுக்குக் கீழே இருக்கிற கடல் மீன், தங்கும் மீன் இரண்டையும் சேர்த்தே பட்டியலிட்டது. வருஷத்துக்கு ஏழு மீன் வருகிற இடத்தில், வராத மீன்கள்தான் அந்த இனத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். தடுப்புக்கு மேலே இருப்பவை மட்டும் இன்னும் வெளியேதான்.

மறுபடி ரெட்வுட் க்ரீக்

சான் லியாண்ட்ரோ ஓடையில் 1870-களில் ஓர் அணை வந்தது. 1926-ல் மேலே இன்னொன்று. அணைக்கு மேலே மாட்டிக்கொண்ட மீன்கள் என்ன செய்தன? நீர்த்தேக்கத்தையே கடலாக எடுத்துக்கொண்டன. ஓடையில் பொரித்து, நீர்த்தேக்கத்துக்கு இறங்கி, தின்று வளர்ந்து, முட்டையிட மறுபடி ரெட்வுட் க்ரீக்குக்கு ஏறி வருகின்றன. 2017-ல் விரிகுடாப் பகுதி மீன்களின் மரபணுவைப் பார்த்த ஆய்வு ஒன்று, பெரிய நீர்த்தேக்கம் இருக்கிற இடங்களில் அணைக்கு மேலேயும் அந்த 5-ஆவது குரோமோசோமின் 'போகும்' வடிவம் நன்றாகவே நிலைத்திருப்பதைக் காட்டியது. சாஷினில் அருவி அரித்துக்கொண்டிருந்த குணத்தை இங்கே நீர்த்தேக்கம் தெரியாத்தனமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அதற்காக அணையைப் புகழ்ந்துவிட வேண்டாம். நீர்த்தேக்கம் கடல் ஆகாது. உப்புத் தண்ணீரில் பிழைக்கிற திறமையை அங்கே யாரும் சோதிப்பதில்லை. சோதிக்காத கோட் எவ்வளவு நாள் ஓடும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்த மீன்களை 'வெறும் ரெயின்போ' என்று ஒதுக்குவது ஆபத்து. மத்திய சட்டத்தின் ஸ்டீல்ஹெட் பட்டியலில் இவை இல்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது ஓர் ஓடையில் வழி திறந்தால், அனுப்புவதற்கு நம்மிடம் இருப்பது இவைதான்.

போன மாதம் மகளை மறுபடி அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மழை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது, ஓடையில் தண்ணீர் தெளிந்திருந்தது. என் பழைய பதிலைத் திருத்திச் சொன்னேன். "அணையை எடுத்துட்டா சிலது போகும், சிலது போகாது. எது போகும்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா போகக்கூடிய மீன் இதுக்குள்ள இருக்கு."

"அப்போ பலகையில ரெண்டு பேரும் போடணும்ல?" என்றாள்.

போடலாம். பலகையில் இடம் இருக்கிறது.